மலையகத்துக் கல் எந்த ஆழத்திலிருந்து வந்தது?

மலையகத்து வீதிகளில் மலையை வெட்டித் திறந்துவிட்ட இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. மழை கழுவிவிட்ட ஒரு வெட்டுமுகத்துக்குக் கிட்டப் போய்க் கல்லைப் பாருங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வரிவரியாக ஓடும். சில இடத்தில் வரிகள் மடிந்து சுருண்டு நெளிந்திருக்கும். அந்த வரிகளுக்குள் கடுகளவிலிருந்து சுண்டைக்காயளவு வரை கருஞ்சிவப்பு மணிகள் பதிந்து கிடக்கும். சுற்றியுள்ள கல் உளுத்து உதிர்ந்தாலும் மணி சீக்கிரம் உதிராது, அவ்வளவு கெட்டி. கார்னெட் என்ற கனிமம் அது. இரத்தினக்கல் வியாபாரிக்குத் தெளிவான மணிதான் வேண்டும். வீதியோரத்தில் கிடப்பது வெடிப்பு விழுந்து மங்கியிருப்பதால் யாரும் சீண்டுவதில்லை. பூமியின் உட்புறம் எப்படி இருக்கும் என்று அறிய நினைப்பவருக்கோ அந்த மங்கிய மணிதான் பெரிய சொத்து.

ஏனென்றால் அது தரையில் பிறந்ததில்லை. கார்னெட் வளரும்போது தன்னை ஒட்டியிருக்கும் மற்றக் கனிமங்களோடு இரும்பையும் மக்னீசியத்தையும் பங்குபோட்டுக்கொள்ளும். எதற்கு எவ்வளவு என்பதை அப்போதிருந்த வெப்பம் தீர்மானிக்கிறது. கல்சியத்தின் பங்கில் அழுத்தத்துக்குப் பெரிய கை உண்டு. கல் ஆறி இறுகிய பிறகு அந்தப் பங்கீட்டின் தடயம் மணிக்குள்ளே அப்படியே நின்றுவிடும். கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகச் செதுக்கி, இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி, மணியின் நடுவில் என்ன இருக்கிறது, ஓரத்தில் என்ன இருக்கிறது என்று அளந்தால் அது உருவான வெப்பத்தையும் ஆழத்தையும் கணக்கிடலாம். மலையகத்துக் கற்களில் இப்படி அளந்தபோது வந்த வெப்பம் 700 முதல் 900 பாகை செல்சியஸ். கண்டியைச் சுற்றியுள்ள சில கற்களில் 900 பாகையையும் தாண்டியது. ஆழம் ஏறக்குறைய 20 முதல் 30 கிலோமீற்றர்.

நாம் கொழுந்து பறிக்கும் மலை, வீடு கட்டும் அத்திவாரக் கல், ரயில் புகுந்து போகும் சுரங்கத்தின் சுவர், எல்லாமே ஒரு காலத்தில் அந்த ஆழத்தில் வெந்து கிடந்தவை. உலகின் பெரும்பாலான இடங்களில் இவ்வளவு ஆழத்துக் கல்லைப் பார்க்க வழியே இல்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தோண்டிய துளை 12,262 மீற்றரோடு நின்றது. அடியில் வெப்பம் 180 பாகைக்கு ஏறியதால் துளைகருவி மேற்கொண்டு இறங்க முடியவில்லை. மனிதர் துளைத்த மிக ஆழமான இடம் அதுதான். அதைப்போல இரண்டு மடங்கு ஆழத்திலிருந்த கல் பதுளையிலும் நுவரெலியாவிலும் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. இந்தச் செய்தி நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு முதலாம் பாடமாகச் சொல்லப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்தக் கல் வெந்த காலம் ஏறக்குறைய 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது தென்னிந்தியா, மடகஸ்கார், கிழக்கு ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா ஆகியவற்றின் நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதி கொண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. இலங்கை அந்த நெரிசலின் நடுவே கிடந்தது. நிலம் நெருக்குண்டு தடித்தது; மேலே இருந்தது கீழே புதைந்தது. அப்படிப் புதைந்தவற்றில் கடலடிப் படிவுகளும் உண்டு. மாத்தளையிலும் திகனையிலும் சுண்ணாம்புச் சூளைக்கு வெட்டும் வெள்ளைக்கல் ஒரு காலத்தில் கடலில் படிந்த சுண்ணாம்பு. அது ஆழத்துக்குப் போய், வெந்து, பளிங்காகி மேலே வந்திருக்கிறது. மலைமுகடுகளில் நீளமாக நிற்கும் குவாட்சைற் பாறை பழைய மணல். மலையகத்தில் ஏராளமாகக் கிடக்கும் கரும்பச்சை மினுக்கம் கொண்ட இன்னொரு கல்லுக்குச் சார்னொக்கைற் என்று பெயர். அதே வகைக் கல்தான் சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் நிற்கிறது. கல்கத்தாவில் ஜோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு மேலே வைத்த கல்லைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். பல்லாவரத்துப் பாறையும் நம் மலையும் ஒரே கண்டத்தின் அடிவயிற்றில் வெந்த உறவுக்காரர்கள்.

சரி, அவ்வளவு ஆழத்திலிருந்தது எப்படி மேலே வந்தது? எரிமலை கக்கியதால் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படியில்லை. மேலேயிருந்த நிலம் தேய்ந்து போனதுதான் காரணம். கண்டங்கள் தமக்குக் கீழேயுள்ள அடர்ந்த கல்லின் மேல் மிதக்கும் நிலையில் இருக்கின்றன. தடித்த இடம் ஆழமாக அமிழ்ந்திருக்கும், உயரமாகவும் நிற்கும். மழையும் ஆறும் மேற்புறத்தை ஒரு கிலோமீற்றர் அரித்துக்கொண்டு போனால் பாரம் குறைந்து கீழிருந்து 800 மீற்றருக்கு மேல் எழும்பும். மறுபடி அரிக்கும், மறுபடி எழும்பும். முதலில் வேகமாக நடந்த இந்த வேலை இப்போது மிக மெதுவாகிவிட்டது. காடு போர்த்தியிருக்கும் மலைச்சரிவில் இயற்கையான அரிப்பு ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீற்றர் அளவில்தான் இருக்கிறது.

இவ்வளவு தேய்ந்தும் நமக்குக் கீழே இன்னும் தடிப்பான நிலம் மிஞ்சியிருக்கிறது. 2016–17இல் தீவெங்கும் தற்காலிகமாக நிறுவிய நில அதிர்வுக் கருவிகளின் பதிவுகளை வைத்துப் பார்த்ததில் இலங்கையின் புவி ஓடு, அதாவது பூமியின் வெளி அடுக்கு, 30 முதல் 40 கிலோமீற்றர் வரை தடித்திருப்பது தெரிந்தது. தடிப்பு அதிகம் இருப்பது மத்திய மலைநாட்டுக்கு அடியில். தேய்ந்து போன 25 கிலோமீற்றரையும் மிஞ்சியிருப்பதையும் கூட்டினால், மோதல் நடந்த காலத்தில் இங்கே இமயத்துக்கு அடியில் இன்றிருப்பது போன்ற தடிப்பு இருந்திருக்க வேண்டும்.

பூமியின் நடுப்புள்ளிக்கு இங்கிருந்து தூரம் ஏறக்குறைய 6,371 கிலோமீற்றர். அதில் 40 கிலோமீற்றர் என்பது ஒரு நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. அதற்குக் கீழே யாரும் போனதில்லை, துளைத்ததும் இல்லை. பிறகு எப்படித் தெரிந்தது? பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பழுத்ததா இல்லையா என்று நம் ஆட்கள் சொல்லிவிடுவார்கள். பூமியைத் தட்டும் வேலையைப் பூகம்பங்கள் செய்கின்றன. கேட்கும் வேலையை நில அதிர்வுமானிகள் செய்கின்றன.

ஒரு பூகம்பம் இரண்டு வகை அலைகளை உள்ளே அனுப்பும். முதலாவது, கல்லை முன்பின்னாக நெருக்கிக்கொண்டு போவது. அது திண்மத்திலும் போகும், திரவத்திலும் போகும். இரண்டாவது, கல்லைப் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு போவது. அது திரவத்துக்குள் போகாது. தண்ணீரைப் பக்கவாட்டில் உலுக்கினால் அது மீண்டு வருவதில்லை அல்லவா, அதனால். எந்த அலை, எந்த ஊருக்கு, எத்தனை நிமிடத்தில் வந்தது, எந்த ஊருக்கு வரவேயில்லை என்ற கணக்கு ஒன்றுதான் விஞ்ஞானிகளின் கையிலிருந்த ஆயுதம்.

1909 ஒக்டோபரில் குரோசியாவில் ஒரு பூகம்பம் வந்தது. அந்திரியா மொஹொரோவிச்சிச் என்ற வானிலை ஆய்வாளர் அதன் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார். தூரத்து நிலையங்களுக்குச் சில அலைகள் எதிர்பார்த்ததை விட முந்தி வந்திருந்தன. பல பத்துக் கிலோமீற்றர் கீழே அலை வேகமாக ஓடக்கூடிய வேறொரு கல் இருக்கிறது, அலைகள் அதற்குள் இறங்கிக் குறுக்கு வழியில் வந்திருக்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். வினாடிக்கு 6, 7 கிலோமீற்றர் ஓடும் அலை அந்த எல்லையைத் தாண்டியதும் 8 கிலோமீற்றராகப் பாய்கிறது. புவி ஓடு முடிந்து மூடகம் என்ற அடுத்த அடுக்கு தொடங்கும் எல்லை அதுதான். இன்றைக்கும் அவர் பெயராலே மொஹோ என்கிறார்கள். கடலுக்கு அடியில் அந்த எல்லை வெறும் 7 கிலோமீற்றர் கல்லுக்குக் கீழே. நமக்குக் கீழே 30, 40.

மூடகம் 2,890 கிலோமீற்றர் ஆழம் வரை போகிறது. பூமியின் கன அளவில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் இதுதான். இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியே ஆக வேண்டும். பாடப்புத்தகப் படங்களில் மூடகத்துக்குச் செம்மஞ்சள் நிறம் பூசுவதால், நம் காலுக்குக் கீழே ஓர் எரிமலைக் குழம்புக் கடல் கொதித்துக்கொண்டிருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். பக்கவாட்டில் உலுக்கும் அலை மூடகம் முழுவதையும் ஊடுருவிப் போகிறது. ஆகவே அது திண்மம். ஒலிவைன் போன்ற பச்சைக் கனிமங்கள் நிறைந்த, கெட்டியான கல். ஆனால் வெப்பம் மிகுந்த கல் கோடிக்கணக்கான ஆண்டு அழுத்தத்தில் மெல்ல நகரும். ஆண்டுக்குச் சில சென்டிமீற்றர். கண்டங்களைச் சுமந்த தட்டுகள் நகர்வதும் அந்த வேகத்தில்தான். குழம்பு உண்டாவது சில இடங்களில் மட்டுமே: ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் புதையும் இந்தோனேசியா போன்ற இடங்களில், தட்டுகள் பிரிந்து விலகும் கடல்நடு மலைத்தொடர்களில், ஆழத்திலிருந்து சூடான கல் தூணாக எழும் ஹவாய் போன்ற இடங்களில். இலங்கை இவற்றில் எதிலும் சேராது. ஒரு பழைய, ஆறிப்போன, தடித்த நிலத்துண்டு தட்டின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கேயுள்ள இயல்பான சூட்டை வாங்கிக்கொண்டு இன்னொரு வெடிப்பால் சட்டென்று மேலே வந்தால் அப்படி ஊற்று உண்டாகும். எரிமலை தேவையில்லை.

மூடகம் எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று விட்டுவிடவும் முடியாது. இலங்கைக்குச் சற்றுத் தெற்கே இந்து சமுத்திரத்தில் பூமியின் ஈர்ப்பு வழக்கத்தை விடக் குறைந்திருக்கிறது. ஈர்ப்பு குறைந்த இடத்தில் கடல்நீர் தேங்கி உயராமல் தாழ்ந்து நிற்கும். அங்கே கடல்மட்டம், பூமியை ஒழுங்கான வடிவமாக வைத்துக் கணக்கிட்டால் இருக்க வேண்டிய மட்டத்தை விட 106 மீற்றர் கீழே இருக்கிறது. உலகத்திலேயே மிகத் தாழ்ந்த இடம் அதுதான். கப்பலில் போகிறவருக்கு அது தெரியாது. பள்ளம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பரந்து கிடக்கிறது. நில அளவையாளருக்கு நன்றாகத் தெரியும். பிதுருதலாகலையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 2,524 மீற்றர். செய்மதியை மட்டும் வைத்து அளக்கும் ஜீபிஎஸ் கருவியை அதன் உச்சியில் வைத்தால், திருத்தம் செய்யும் முன் அது சுமார் 100 மீற்றர் குறைத்துக் காட்டும். காலிக் கடற்கரையில் வைத்தால் நீங்கள் கடல்மட்டத்துக்குக் கீழே நிற்பதாகச் சொல்லும். 2023இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வாளர்கள் இதற்கான விளக்கமொன்றைக் கணினி மாதிரிகள் வழியாக முன்வைத்தார்கள். ஆபிரிக்காவுக்கு அடியிலிருந்து கிளம்பிய சூடான, அடர்த்தி குறைந்த கல் நம் சமுத்திரத்துக்குக் கீழே மூடகத்தின் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் பரவியிருப்பதே காரணம் என்பது அவர்கள் முடிவு. பல நூறு கிலோமீற்றர் ஆழத்தில் கல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது நம் மலையின் அளவுகோலில் 100 மீற்றராக வந்து நிற்கிறது.

மூடகத்துக்கும் கீழே என்ன என்ற கேள்விக்கு முதல் தடயம் எடையிலிருந்து வந்தது. 1798இல் ஹென்றி கவென்டிஷ் பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல ஏறக்குறைய ஐந்தரை மடங்கு என்று அளந்தார். நம் கருங்கல்லோ இரண்டேமுக்கால் மடங்குதான். ஆகவே நடுவில் கல்லை விட மிகக் கனமான ஏதோ இருந்தாக வேண்டும். 1906இல் ரிச்சர்ட் ஓல்ட்ஹாம் பூகம்ப அலைகளிலிருந்து அப்படியொரு கருவம் இருப்பதைக் காட்டினார். ஓல்ட்ஹாம் இந்தியப் புவியியல் அளவைத் துறையில் வேலை செய்தவர். 1897 அசாம் பூகம்பத்தை ஆராய்ந்தபோதுதான் இரு வகை அலைகளையும் பதிவுகளில் பிரித்துக் கண்டார். 1913இல் பெனோ குட்டன்பேர்க் கருவத்தின் மேல் எல்லை ஏறக்குறைய 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் என்று குறித்தார். 1926இல் ஹரல்ட் ஜெஃப்ரிஸ் அது திரவம் என்று நிறுவினார். இரும்பும் கொஞ்சம் நிக்கலும் உருகிய திரவம்.

அத்தோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தபோதுதான் இங்கெ லேமன் (Inge Lehmann) என்பவர் வருகிறார். டென்மார்க்கின் புவியளவை நிறுவனத்தில் நில அதிர்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பெண். கணினி இல்லாத காலம். ஒவ்வொரு பூகம்பத்தின் நேரங்களையும் அட்டைகளில் எழுதி, அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்துக் கணக்குப் பார்த்தவர். 1929 ஜூனில் நியூசிலாந்தில் வந்த பெரிய பூகம்பத்தின் அலைகள், கருவத்தின் நிழல் விழுவதால் எதுவும் வரக்கூடாத தூரத்திலிருந்த ரஷ்ய நிலையங்களில் மெல்லியதாகப் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் அந்தச் சிறு நெளிவுக்கு வேறு காரணம் சொல்லிக் கடந்து போனார்கள். திரவத்துக்கு நடுவே வேறொரு பந்து இருந்தால் மட்டுமே அலை அப்படித் தெறித்து அங்கே வர முடியும் என்று லேமன் 1936இல் எழுதினார். அவர் சொன்னது சரி. 5,150 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்குகிறது அந்த உட்கருவம். ஆரை சுமார் 1,220 கிலோமீற்றர். வெப்பம் 5,000 பாகைக்கு மேல் இருந்தும், நம் வளிமண்டல அழுத்தத்தைப்போல 30 இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் இரும்பை உருகவிடாமல் திண்மமாகவே பிடித்து வைத்திருக்கிறது. லேமன் 104 வயது வரை வாழ்ந்தார். புவியறிவியலில் இவ்வளவு சிறிய தடயத்திலிருந்து இவ்வளவு பெரிய பொருளைக் கண்டுபிடித்த இன்னொருவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெளிக்கருவத்தின் திரவ இரும்பு சுழன்று புரள்வதால்தான் பூமிக்குக் காந்தப்புலம். காந்தப் புலத்தின் நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டி, நமக்கு மிக அருகே போகிறது. ஐரோப்பாவில் தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி மூக்குக் குத்தி நிற்கும். கண்டியில் ஏறக்குறைய மட்டமாக நிற்கும்.

உலகத்தின் நில அதிர்வுகளைக் கேட்கும் காதுகளில் ஒன்று மலையகத்திலேயே இருக்கிறது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் 2000ஆம் ஆண்டிலிருந்து உலகளாவிய நில அதிர்வு வலையமைப்பின் நிலையமொன்று இயங்குகிறது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் அதைப் பார்த்துக்கொள்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் பிளந்தபோது, அதன் முதல் அலை மூடகத்தின் வழியே நாலு நிமிடத்துக்குள் பல்லேகலையை எட்டியது. கடல் அலை நம் கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இடைவெளியில் கரையிலிருந்தவர்களுக்குச் செய்தி போகவில்லை. கருவி கேட்டது, கேட்டதை ஊருக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு அன்று இருக்கவில்லை. இன்று இந்து சமுத்திரத்துக்கென்று சுனாமி எச்சரிக்கை முறை இருக்கிறது.

2020 ஓகஸ்ட் இறுதியில் திகன, அனுரகம, ஹாரகம பக்கங்களில் நிலம் முழங்கி அதிர்ந்தபோது, பக்கத்திலே விக்டோரியா அணை இருப்பதால் மக்கள் பயந்து போனார்கள். அவை மிகச் சிறிய அதிர்வுகள், ஆழமும் மிகக் குறைவு. தட்டின் நடுவிலும் பழைய பாறையில் பிளவுகள் உண்டு. அழுத்தம் சேர்ந்தால் அவை கொஞ்சம் நகரும். இத்தகைய அதிர்வுகளைத் தொடர்ந்து பதிந்து வருவது அவசியம். ஆனால் மலையகத்து மக்களின் உயிரைப் பறித்து வந்திருப்பது வேறொன்று.

25 கிலோமீற்றர் ஆழத்தில் வெந்த கல் மேலே வந்து மழையில் நனைந்ததும் மாறத் தொடங்குகிறது. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களியாகிறது. கார்னெட்டிலும் கருங்கனிமங்களிலும் உள்ள இரும்பு துருப்பிடிக்கிறது. தேயிலை மலைகளின் செம்மண்ணுக்குச் சிவப்பு வந்தது அதனால்தான். இப்படி உளுத்த கல்லும் மண்ணும் உருண்டு வந்த பாறைகளும் சேர்ந்த போர்வை சில மீற்றரிலிருந்து சில பத்து மீற்றர் வரைதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது அந்தப் போர்வை. உள்ளே எதுவும் நகரவில்லை. நாட்கணக்கில் பெய்த மழை மண்ணின் துளைகளில் நிறைந்து, மண்ணுக்கும் கல்லுக்கும் இருந்த பிடியைத் தளர்த்தியது. ஒவ்வொரு மண்சரிவுக்குப் பிறகும் பூமிக்குள் ஏதோ நடக்கிறது என்ற பேச்சு கிளம்பும்போது எனக்குப் பெரும் வருத்தம் வருகிறது. பூமியின் மேல் பழியைப் போட்டால், காட்டை வெட்டிக் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் சரிவைத் திறந்ததும், கான்கள் தூர்ந்து கிடப்பதும், சரிவின் அடிவாரத்தில் லயம் கட்டியதும், கட்டிய இடத்தை விட்டு மாற மக்களுக்குக் காணி கொடுக்காததும் பேச்சிலிருந்து விலகிப் போய்விடுகின்றன.

ஆழத்து நகர்வை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மழையை அளக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவு. ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டும். தோட்டத்து ஆபீசுகளில் மழைக் கணக்கு எழுதும் வழக்கம் பரம்பரையாக இருக்கிறது. தேயிலை விளைச்சலைக் கணக்கிட அது வேண்டும். அதே கணக்கை ஒவ்வொரு லயத்து முகப்பிலும் ஒரு பலகையில், மேற்சொன்ன எண்களுக்குப் பக்கத்தில், மாரி காலத்தில் காலையும் மாலையும் எழுதி வைக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் கேட்கிறேன்.